கூலி நாள் மாத்திரை

சொரியாசிஸ் ஒருவர் உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க உலகம் முழுக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பாஸி என்று பெயர். 1978-இல் பிரெட்ரிக்சன், பெட்டர்சன் என்ற இரண்டு சுவீடன்காரர்கள் போட்டுக் கொடுத்தது. தலை, கை, உடம்பு, கால் என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு எவ்வளவு, தடிப்பு எவ்வளவு, செதில் எவ்வளவு என்று மதிப்பெண் போட்டு, பரப்பால் பெருக்கிக் கூட்ட வேண்டும். உச்சம் 72. புது மருந்து எது வந்தாலும் இந்த எண்ணை முக்கால்வாசி குறைத்ததா, பத்தில் ஒன்பது பங்கு குறைத்ததா என்றுதான் பேச்சு. நானும் போடுகிறேன். ஆனால் போடிப் பக்கம் தோல் மருத்துவம் பார்க்க உட்கார்ந்த பிறகு அதோடு இன்னொரு கேள்வியும் வாயில் ஏறிவிட்டது: "ஜீப்புல எங்கக்கா உக்காந்து போறீங்க?"

ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகள் விடியுமுன்னே கிளம்பிவிடும். பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள்; கையோடு கை உரசும். செதில் உதிர்கிறவளுக்கு அதில் எந்த இடம் கிடைக்கிறது என்பதைப் பாஸியில் எழுத முடியாது. "கடைசியில, கம்பியப் பிடிச்சுக்கிட்டு" என்றால் நோய் ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று பொருள். "டிரைவர் வேற வண்டி பாருங்கிறாரு" என்றால் வீட்டில் உலை வைப்பதே சிக்கலாகியிருக்கும். "இப்ப நடுவுலதான் தாயி" என்று சிரித்தால் மருந்து கேட்கிறது என்று எழுதிக்கொள்வேன். பாஸி பாதிதான் குறைந்திருக்கும். ஆனால் கையும் கழுத்தும் தெளிந்திருக்கும். கம்பெனிக் கணக்கில் அந்த மருந்து தோற்றது. ஜீப்புக் கணக்கில் ஜெயித்தது.

எனக்குச் சொந்த ஊர் சிலமலை. போடியிலிருந்து தேவாரம் போகிற பக்கம்; மேற்கே தலை நிமிர்ந்தால் மலை. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலக்காடுகள். காய் அங்கே விளைகிறது, எடுக்கிற கைகளில் பாதி நம் பக்கத்துக் கைகள், விற்பனைக்கு அந்தக் காயே திரும்பப் போடிக்கு இறங்கி வருகிறது. மதுரையில் தோல் மருத்துவம் படித்துவிட்டு நானும் அப்படித்தான் இறங்கி வந்தேன். போடியில் கிளினிக், வாரத்தில் ஒரு நாள் சிலமலையில் எங்கள் வீட்டு முன்கட்டில். படிக்கும்போது தோல் நோயைத் தோலில் பார்க்கச் சொன்னார்கள். இங்கே வந்தபின் வேலையில் பார்க்கப் பழகினேன்.

கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1870களில் ஒரு விஷயம் சொன்னார். சொரியாசிஸ் உள்ளவருக்குத் தோலில் காயம் பட்டால் அந்தக் காயத்தின் வடிவத்திலேயே புதுப் படை கிளம்பும். அவர் பார்த்த ஆளுக்குப் பச்சை குத்திய இடத்திலும் குதிரை கடித்த இடத்திலும் வந்திருந்தது. நம் மலையில் குதிரை ஏது? அட்டை இருக்கிறது. மழைக்காலத்தில் ஏலக்காட்டுக்குள் போய்வந்த காலில் அட்டை கடித்த புள்ளி ஒவ்வொன்றும் சில வாரம் கழித்து வெள்ளைச் செதிலோடு எழுந்து நிற்பதை வரிசை பிடித்துப் பார்க்கலாம். காய் போடும் பையை இடுப்பில் கட்டும் கயிற்றின் தடம் அப்படியே இடுப்பைச் சுற்றிப் படையாகியிருக்கும். ஏலத்தின் சரம் செடியின் அடியில் தரையோடு கிடக்கும். குத்தவைத்தும் மண்டியிட்டும்தான் எடுக்க வேண்டும். முழங்கால் படை ஆறவே ஆறாது. களிம்பை மாற்றி மாற்றி எழுதுவதைவிட, கயிற்றுக்குப் பதில் அகலமான பழைய சேலைத் துணியைக் கட்டச் சொன்னதில் எனக்கு அதிகப் பலன் கிடைத்திருக்கிறது. இதை எந்தப் பத்திரிகையும் கட்டுரையாக ஏற்காது. ஏற்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை.

கைக்கரப்பான் வேறு கதை. ஏலக்காயே ஒத்துக்கொள்ளாமல் கை வெடித்த இனிப்புக் கடைக்காரர் ஒருவரைப் பற்றி 1975-இல் சுவீடனிலிருந்து ஒரு குறிப்பு வந்திருக்கிறது. நம் பெண்களின் கைக்குக் காய் மட்டும் காரணம் என்று என்னால் சொல்ல முடிந்ததில்லை. நாள் முழுக்க ஈரம், அழுகல் நோய்க்கு அடிக்கும் துரிசும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, பூச்சிமருந்து, சாயந்திரம் கறை போகத் தேய்க்கும் துணிசோப்பு; எல்லாம் ஒரே கையில். எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க ஒட்டுச் சோதனை செய்ய வேண்டும். சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து ஒருமுறையும் 96 மணி நேரத்தில் மறுமுறையும் பார்ப்பது. அதுவரை குளிக்கக் கூடாது, முதுகு வேர்க்கக் கூடாது. காய் எடுப்புக் காலத்தில் யாரும் கூலியை விட்டுவிட்டு வரமாட்டார்கள். காய் இல்லாத பங்குனி, சித்திரையில் வருவார்கள். போடி வெயிலில் பிளாஸ்திரி அரை நாளில் வழுக்கி விழும். இந்த இரண்டுக்கும் இடையில் மாசியில் கிடைக்கிற சில வாரங்களில்தான் என் சோதனைகள் எல்லாம் நடக்கின்றன.

சிவப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாஸியில் மூன்றில் ஒரு பங்கு சிவப்பு. பாடப்புத்தகப் படங்களில் எல்லாம் ரோஜா நிறத் திட்டுகள். நம் தோலில் அழற்சி அப்படித் தெரியாது. கத்தரிப்பூ நிறம், சில சமயம் ஊதா கலந்த கறுப்பு, சில சமயம் வெறும் சாம்பல். கண்ணை மட்டும் நம்பினால் பாதி நோயைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம். அதனால் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பேன். கண்ணாடிச் சில்லால் செதிலை மெல்லச் சுரண்டி, அடியில் ஊசிமுனை இரத்தப் புள்ளிகள் வருகிறதா என்று பார்ப்பேன். நோய் ஆறினாலும் வம்பு தீராது. அழற்சி போன இடத்தில் கறுப்புத் தழும்பு மாதக் கணக்கில் நிற்கும். எனக்கு அது குணம். அவர்களுக்கு அது நோய். "போகவே இல்லையே டாக்டரம்மா" என்று சொல்லிக்கொண்டே தெளிந்த தோலைக் காட்டுவார்கள்.

பழுப்புத் தோலைப் பழுப்புத் தோலாகவே பார்த்ததால் கிடைத்த லாபமும் உண்டு. 1974-இல் டெல்லி எய்ம்ஸின் பூடானியும் கூட இருந்தவர்களும், முகத்திலும் கழுத்திலும் சாம்பல் கறுப்பாகப் படரும் ஒரு நோயைத் தனியாக எடுத்து விவரித்து, நிறமேறும் லைக்கன் பிளேனஸ் என்று பெயர் வைத்தார்கள். மங்கு என்று நினைத்து முகக் களிம்பு பூசிக்கொண்டிருக்கும் பெண்களில் சிலருக்கு இருப்பது இதுதான். இன்னும் சிலருக்கு அது மங்குமில்லை, இதுவுமில்லை, லூபஸ். வெயிலில் நின்றால் கன்னம் எரியும், மூட்டு வலிக்கும், முடி கொட்டும். அவர்கள் வருஷக்கணக்கில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிட வேண்டியவர்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு அது மருந்தாகும் என்ற பேச்சு எழுந்ததும் போடி மருந்துக்கடைகளில் அந்த அட்டை மாயமானது. மலைச் சாலையும் மூடிக் கிடந்தது. மேலே தோட்டத்து லயத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, கீழே இருந்தவர்களின் மாத்திரையைப் பாதிப் பாதியாகப் பிரித்து, காய்கறி லாரியில் அனுப்பினோம். கொரோனாவை அந்த மருந்து குணப்படுத்தவில்லை என்று பெரிய ஆய்வுகள் பிற்பாடு காட்டின. லூபஸுக்கு அதன் அருமை அப்போதும் குறையவில்லை.

"பிள்ளைக்கு வருமா?" சிலமலைத் திண்ணையில் மருந்தைவிட அதிகம் கேட்கப்படுகிற கேள்வி. இதற்கு முன்னாலே "குஷ்டமா தாயி?" என்று ஒரு கேள்வி வரும், பஞ்சுத் திரியால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதென்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து அதை முடித்துவிடலாம். பிள்ளைக் கேள்வி அவ்வளவு லேசில் முடியாது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டுகிற ஊர்.

இதற்கான பதிலின் ஒரு துண்டு நம் மதுரையிலேயே கிடந்தது என்பது எனக்கு எப்போதும் ஒரு பெருமை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நோயெதிர்ப்பியல் ஆய்வகம் நடத்திய இரா. ம. பிச்சப்பனை, உசிலம்பட்டிப் பக்கத்து விருமாண்டியின் இரத்தத்தில் ஆதி மனிதப் பயணத்தின் தடத்தைக் கண்ட செய்தியால் பலருக்கும் தெரியும். அதற்கு வெகு முன்பே அவர் ஆய்வகம் எச்எல்ஏ என்ற வெள்ளணு அடையாளங்களை வைத்து, காசநோய், தொழுநோய் என்று இந்தப் பகுதி நோய்களைத் துருவிக்கொண்டிருந்தது. தோல் மருத்துவர் கோட்டீஸ்வரன் முதலானவர்களோடு சேர்ந்து 1989-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, தென்னிந்திய சொரியாசிஸ் நோயாளிகளிடம் பி-57, டிஆர்-7 என்ற இரண்டு அடையாளங்கள் மிகுந்திருப்பதைக் காட்டியது. ஐரோப்பிய நோயாளிகளிடம் பார்த்த அதே கூட்டணி. ஆறாவது குரோமோசோமில் இவை இரண்டுக்கும் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் சி-6 என்ற அடையாளம்தான் முக்கியப் புள்ளி என்பதை 2006-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராஜன் நாயர், ஜேம்ஸ் எல்டர் குழு உறுதிப்படுத்தியது. மதுரையில் பார்த்தது அந்த வீட்டுக்கு வழிகாட்டும் தெரு.

திண்ணையில் இதை எப்படிச் சொல்வது? நான் சொல்வது இவ்வளவுதான்: ரத்தத்தில் ஒரு சாய்வு இறங்கி வரலாம், சாய்வு வந்த எல்லோருக்கும் நோய் வராது, பெரும்பாலோருக்கு வருவதில்லை. தொண்டைப்புண், மனக்கவலை, சாராயம், தானாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரை என்று ஏதோ ஒன்று தள்ளிவிட வேண்டும். இதைக் கேட்டபிறகும் பெண்வீட்டார் முகம் தெளியாது. மாப்பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி என்றால் ஒன்றும் சொல்லாதவர்கள் அவர்கள்.

இனி மாத்திரை. சொரியாசிஸுக்கு நான் எழுதுகிற மருந்துகளில் முதன்மையானது இன்றும் மெத்தோட்ரெக்சேட். அதன் பின்னால் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் மாணவர் ஒருவர் இருக்கிறார். 1895-இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் கிடைக்காமல் எல்எம்எஸ்ஸோடு வெளியே வந்தவர். ஸ்ப்ரூ என்ற வயிற்றுப்போக்கு நோயால் சாகப் பார்த்தவர். அமெரிக்கா போய் லெடர்லே ஆய்வகத்தில் அவர் தலைமையில் இருந்த குழு, அந்த நோய்க்கு மருந்தான ஃபோலிக் அமிலத்தைச் செய்து காட்டியது. பிறகு ஃபோலிக் அமிலத்தின் வேடம் போட்டு உயிரணுவை ஏமாற்றும் எதிரிப் பொருள்களையும் அதே குழு செய்தது. அமினோப்டெரின் அவற்றில் ஒன்று. பாஸ்டனில் சிட்னி பார்பர் அதை இரத்தப்புற்று வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து நோய் பின்வாங்குவதைப் பார்த்தார். 1948-இல் சுப்பாராவ் இறந்துபோனார். 1951-இல் கப்னர் என்பவர் மூட்டுவாத நோயாளிகளுக்கு அமினோப்டெரின் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவர்களில் சொரியாசிஸும் இருந்தவர்களின் படைகள் மறைவதைக் கவனித்தார். அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட்.

என் சீட்டில் இரண்டு மருந்தும் இருக்கும். வாரத்தில் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட். மற்ற நாள்களில் அதன் தொல்லையைத் தணிக்க ஃபோலிக் அமிலம். சுப்பாராவின் குழு செய்த இரண்டையும் ஒரே நோயாளி மாறி மாறி விழுங்குகிறார்.

இந்த "வாரத்தில் ஒரு நாள்" என்பதில்தான் உயிர் இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் சாப்பிட்டால் வாய் முழுக்கப் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை ஒடுங்கும், ஆள் போய்விடலாம். உலகம் முழுக்க இப்படி இறந்திருக்கிறார்கள், படித்தவர்களும்தான். அட்டையில் பத்து மாத்திரை வரிசையாக இருந்தால் யாருக்கும் தினம் ஒன்று என்றுதான் தோன்றும். "திங்கக்கிழமை சாப்பிடுங்க" என்று சொன்னால் மலைக்குப் போகிறவருக்குத் திங்களும் செவ்வாயும் ஒன்றுதான். யோசித்துப் பார்த்ததில், இங்கே யாரும் மறக்காத நாள் ஒன்று இருந்தது: கூலி போடும் நாள். பெரும்பாலும் சனிக்கிழமை. கூலி வாங்கிய ராத்திரி சாப்பிட்டுவிட்டு மாத்திரை. கூலி இல்லாத வாரம் வந்தாலும் கூலி நாள் நினைவிருக்கும். நான்கு வாரத்துக்கு நான்கு காகிதக் கவர், ஒவ்வொன்றிலும் ஒரு நாள் மருந்து மட்டும். ஐந்தாவது கவர் வேண்டுமென்றால் இரத்தப் பரிசோதனைச் சீட்டோடு வர வேண்டும்.

பெண்களுக்கு இது அருமையாக ஒத்துவந்தது. ஆண்களுக்கு வரவில்லை. கூலி நாள்தானே அவர்களுக்குச் சரக்கு நாள். அன்றைக்கு மாத்திரை ஞாபகம் வருவது எங்கே. ஆகவே ஆண்களுக்குப் புதன்கிழமை, பொறுப்பு வீட்டுக்காரம்மாவுக்கு. இது நினைவுக்கான ஏற்பாடுதான், கல்லீரலுக்கு அல்ல. குடிப்பவர் எந்தக் கிழமை சாப்பிட்டாலும் மெத்தோட்ரெக்சேட் கல்லீரலைத்தான் போய்ப் பிடிக்கும். "ரெண்டுல ஒண்ண விடுங்கண்ணே" என்பேன். எதை விட்டார்கள் என்பது அடுத்த இரத்த அறிக்கையில் தெரியும். பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு வேறு கவலை. கருவுக்கு இந்த மருந்து விஷம். கல்யாணப் பேச்சு தொடங்கியதும் என்னிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன், பெண்பார்க்கும் படலத்துக்கு முன்னால் எனக்குத்தான் சேதி வரும்.

கடைக் களிம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கிருமி மருந்தும் ஒன்றாகக் கலந்த ட்யூபுகள் பெட்டிக்கடை தூரத்தில் கிடைக்கின்றன. 2018-இல் மத்திய அரசு களிம்பு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு வேண்டிய பட்டியலில் சேர்த்தது. சீட்டு இல்லாமலும் கிடைப்பது நின்றுவிடவில்லை. படர்தாமரைக்கு அதைத் தேய்த்தால் பூஞ்சை பரவுகிறது. சொரியாசிஸுக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு முழுக்கச் சீழ்ப்புள்ளிகளோடு தோல் உரியும். அந்த நிலையில் வருகிறவர்கள் பலரும் "ஊசி போட்டா உடனே கேட்டுச்சு" என்றுதான் கதையைத் தொடங்குவார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, ஊதா நிறம் ஏறிய தைலத்தைத் தடவுகிறவர்களை நான் தடுப்பதில்லை. செதிலை அது இளக்குகிறது, கெடுதல் செய்து நான் பார்க்கவில்லை. மலைக்கு மேலே குளிரில் தோல் வறண்டு வெடிக்கும்போது எண்ணெயே பாதி வைத்தியம்.

சொரியாசிஸ் ஆளைக் கொல்வது அபூர்வம். பெம்பிகஸ் கொல்லும். தோலின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் டெஸ்மோகிளின் என்ற புரதத்தையே உடம்பின் எதிர்ப்பு சக்தி எதிரியாக நினைத்துத் தாக்குகிற நோய். இந்த எதிர்பொருள்கள் இரத்தத்தில் இருப்பதை 1964-இல் அமெரிக்காவின் பஃபலோவில் பியூட்னரும் ஜோர்டனும் கண்டார்கள். ஒட்டு விட்ட இடத்தில் நீர் கோத்துக் கொப்புளம் கிளம்பும், உடையும், பச்சைப் புண்ணாக விரியும். ஸ்டீராய்டு வருவதற்கு முன்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

பெரும்பாலும் வாயில்தான் தொடங்கும். மாதக்கணக்கில் வாய்ப்புண் என்று மணத்தக்காளிக் கீரை தின்றிருப்பார்கள். உடம்பில் கொப்புளம் வந்ததும் அக்கி என்று முடிவுகட்டி, குயவர் வீட்டுக்குப் போய்க் காவிமண் குழைத்து அக்கி எழுதிக்கொள்வார்கள். உண்மையான அக்கி இரண்டு மூன்று வாரத்தில் தானே ஆறிவிடும். எழுதியவருக்குப் பேர் கிடைக்கும். பெம்பிகஸ் ஆறாது. காவி காய்ந்து பொருக்கோடு ஒட்டிக்கொண்ட உடம்போடு வந்து சேர்வார்கள். மதுரையில் படித்த காலத்தில் அப்படி வந்த ஒரு தோட்டத் தொழிலாளி அம்மாளின் முதுகில் ஒட்டிய சேலையைப் பிரிக்கவே எங்களுக்கு ஒரு காலைப்பொழுது ஆனது. உப்புநீர் ஊற்றி ஊற்றி நூல் நூலாக எடுத்தோம். கொப்புளத்தின் அடியைச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் தடவி, ஜியம்சா சாயம் போட்டுப் பார்த்தால் கூட்டத்தைவிட்டுப் பிரிந்து உருண்டையாகிப்போன அணுக்கள் தெரியும். சாங்க் என்ற பிரெஞ்சுக்காரர் 1947-இல் சொல்லிக்கொடுத்த வழி. செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

படுக்கை விரிப்பும் ஒட்டும். எனவே வாழையிலை. நீள இலையாகப் பார்த்து, நடு நரம்பைச் சீவி, கழுவித் துடைத்து வரிசையாகப் பரப்பி அதன்மேல் கிடத்துவோம். புண்ணில் ஒட்டாது, குளிர்ச்சி. தேனி மாவட்டத்து உறவுக்காரர்கள் வார்டுக்கு வரும்போது பழம் கொண்டுவருவதைவிட இலைக்கட்டு கொண்டுவருவது அதிகம். தென்னிந்திய ஆஸ்பத்திரிகளில் காலம் காலமாக நடப்பதுதான் இது. 2003-இல் மும்பையில் கோரே, அகோலேகர் என்ற இருவர் தீக்காயங்களில் வாழையிலையை வாசலின் துணியோடு ஒப்பிட்டு, கட்டு மாற்றும்போது இலையில் வலி மிகக் குறைவு என்று ஒழுங்காக அளந்து எழுதினார்கள். அதைப் படித்தபோது, நாம் எல்லோரும் பார்த்ததை அளந்து எழுதவும் ஒருவர் வேண்டியிருக்கிறதே என்று தோன்றியது.

அந்த அம்மாளுக்குக் கொடுத்த மருத்துவம் இந்தியாவில் பிறந்தது. எய்ம்ஸ் பேராசிரியர் ஜே. எஸ். பஸ்ரிச்சா 1980களின் தொடக்கத்தில் வகுத்த டிசிபி பல்ஸ். வெளிநாட்டில் அப்போது மாற்று உறுப்பு நோயாளிகளுக்கு மெத்தில்பிரெட்னிசொலோனை மொத்தமாக நரம்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நமக்கு அது விலை கட்டாது. விலை குறைந்த டெக்சாமெத்தசோனை எடுத்துக்கொண்டார் பஸ்ரிச்சா. 100 மில்லிகிராம், அரை லிட்டர் டெக்ஸ்ட்ரோஸ் நீரில், தொடர்ந்து மூன்று நாள். அதில் ஒரு நாள் மட்டும் 500 மில்லிகிராம் சைக்ளோபாஸ்பமைடும் சேரும். வீட்டுக்குப் போய்த் தினம் 50 மில்லிகிராம் சைக்ளோபாஸ்பமைடு மாத்திரை. 28 நாளைக்கு ஒருமுறை இதே சடங்கு. புண் எல்லாம் ஆறும்வரை முதல் கட்டம். ஆறிய பிறகும் ஒன்பது மாதம் அதே பல்ஸ். பின் ஒன்பது மாதம் மாத்திரை மட்டும். அதற்கப்புறம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காத்திருப்பது.

தினசரி ஸ்டீராய்டு சாப்பிட்டு முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, முதுகெலும்பு நொறுங்கிய நோயாளிகளையே பார்த்திருந்த எங்களுக்கு இது பெரிய விடுதலை. எனக்கு அதைவிடப் பிடித்தது அதன் நாள்கணக்கு. மாதத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி, மிச்ச நாள் வேலை. ஒரு தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கைக்குள் நுழையக்கூடிய அளவில் யாரோ ஒரு சிகிச்சையை வெட்டித் தைத்திருந்தார்கள். தினசரி காலண்டரில் 28-ஆம் நாளை வட்டம் போட்டு வைத்துக்கொண்டு, "பல்ஸ் போட வந்திருக்கேன்" என்று துணிப்பையோடு தாங்களே வந்து படுப்பார்கள். ஊசி ஏறும்போது முகம் சிவந்து சூடேறும், விக்கல் எடுக்கும். பழகியவர்கள் புதியவர்களுக்குத் தைரியம் சொல்வார்கள்.

குறை இல்லாத வைத்தியமும் அல்ல. சைக்ளோபாஸ்பமைடு மாதவிலக்கை நிறுத்திவிடும், பிள்ளைப்பேற்றைப் பறிக்கும். அதனால் குழந்தை வேண்டுகிறவர்களுக்கு அதற்குப் பதில் அசாதயோபிரின் சேர்ப்போம். தொற்று ஏறினால் ஆபத்து. மேல்நாட்டு இதழ்கள் பஸ்ரிச்சாவிடம் கேட்டது ஒப்பீட்டு ஆய்வு; அவரிடம் இருந்தவை நீண்டகால நோயாளிப் பதிவுகள். 2006-இல் நெதர்லாந்தில் டெக்சாமெத்தசோன் பல்ஸை ஒப்பிட்டுப் பார்த்துப் பயனில்லை என்று எழுதினார்கள். ஆனால் அவர்கள் கொடுத்தது மாத்திரை வடிவில், அதுவும் வழக்கமான தினசரி ஸ்டீராய்டுக்கு மேலே கூடுதலாக. அந்த ஆய்வு அதன் கேள்விக்குச் சரியான பதில் சொன்னது. எங்கள் கேள்வி அதுவல்ல.

பல்ஸைப் பிடித்துக்கொண்டு தொங்கவும் நான் தயாரில்லை. எதிர்பொருள் சுரக்கும் பி அணுக்களைக் குறிவைக்கும் ரிட்டுக்சிமாப் வந்துவிட்டது. பிரான்சில் பாஸ்கல் ஜோலி குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ரிட்டுக்சிமாபோடு சிறிது காலம் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 89 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டு முடிவில் எல்லா மருந்தையும் விட்டு நலமாக இருந்தார்கள். ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் 34 விழுக்காடு. இவ்வளவு பெரிய வித்தியாசம் எங்கள் துறையில் அடிக்கடி பார்க்கக் கிடைக்காது. ஹைதராபாத் நிறுவனம் ஒன்று 2007-லேயே உள்நாட்டு ரிட்டுக்சிமாபைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, அதனால் விலை இறங்கிக் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது. எட்டிப் பிடிக்க இன்னும் சிலருக்கு நகை அடகு போக வேண்டும்.

சொரியாசிஸிலும் அப்படித்தான். சைக்ளோஸ்போரின் கொடுத்தபோது படை மறைந்ததை 1979-இல் தற்செயலாகக் கண்டார்கள். நோயின் வேர் தோலணுவில் இல்லை, டி அணுவில் இருக்கிறது என்பது அதிலிருந்து துலங்கியது. அங்கிருந்து இன்டர்லூகின் 23, 17 என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே பிடிக்கும் ஊசிகள் வந்தன. கியூபாவின் ஹவானா ஆய்வகத்தில் பிறந்து பெங்களூரு பயோகான் வளர்த்த இட்டோலிசுமாப் 2013-இல் இங்கே சொரியாசிஸுக்கு அனுமதி பெற்றது; 2020-இல் அதையே கொரோனாவுக்கும் இழுத்தார்கள். இந்த ஊசிகள் எதையும் எழுதுவதற்கு முன் நெஞ்சுப் படமும் காசநோய்ச் சோதனையும் கட்டாயம். லயத்து வீட்டில் ஒரே அறையில் உறங்குகிறவர்களுக்கு உறங்கிக் கிடக்கும் காசநோயும் இருக்கலாம். சில ஊசிகள் அதைத் தட்டி எழுப்பிவிடும். ஐரோப்பிய ஆய்வுகளில் ஓர் அடிக்குறிப்பாக வருவது எனக்கு முதல் பக்கம்.

இப்போது என் கையில் இருக்கும் பெம்பிகஸ் நோயாளிகளில் ஒருவருக்கு ரிட்டுக்சிமாப் முடிவாகிவிட்டது. ஒரு கிராம் வீதம் இரண்டு முறை, இரண்டு வார இடைவெளியில். மஞ்சள் காமாலை பி சோதனை, நெஞ்சுப் படம் எல்லாம் சரி. பணமும் மகன் திருப்பூரிலிருந்து அனுப்பிவிட்டான். அந்த அம்மா கேட்பது ஒன்றே: "தை முடியட்டும் தாயி. காய் எடுப்பு ஓஞ்சிரும். இப்ப விட்டா எடம் போயிரும்." ஊசி ஏற்றிய பிறகு கிருமிக்கு எளிதில் இரையாகும் மாதங்களை ஈரக் காட்டில் கழிப்பதைவிட, காடு ஓய்ந்தபின் ஏற்றுவது எனக்கும் சரியென்றே பட்டது. புண் இப்போதைக்கு வாயோடுதான் நிற்கிறது. அதுவரை குறைந்த அளவு பிரெட்னிசொலோனோடு அசாதயோபிரின். நம் நாட்டில் சிலருக்கு மரபணு வேறுபாட்டால் இந்த மருந்தில் வெள்ளணு திடீரென்று சரியும்; ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்க வேண்டும், காய்ச்சல் கண்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே என்னிடம் வர வேண்டும். கங்காணியிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். மாசி முதல் வாரத்துக்கு மதுரையில் படுக்கை கேட்டு வைத்தாயிற்று.